அண்டாவில் வெட்டிய கொக்கி

என் பெரியப்பாவுக்குப் பெரிய முனியன் என்று பெயர். அப்பாவுக்குச் சின்ன முனியன். ஒரே சாமியை வேண்டிப் பெற்றார்களாம், அதனால் ஒரே பெயரை இருவருக்கும் வைத்துவிட்டார்கள். அதன் தொல்லை முழுவதும் வந்து விடிந்தது என் தலையில்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்போதுதான் இங்கிலீஷ் ஆரம்பித்திருந்தது. எனக்கு முன் எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. பெரியம்மா பொம்மிடிச் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள், பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர் தெருவில் வந்தார். அம்மா அவசர அவசரமாகப் பித்தளை அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"வூட்டுக்காரர் பேரு என்னங்கம்மா?"

புருஷன் பெயரைச் செத்தாலும் சொல்லமாட்டாள். "டேய், நீயே எழுதிக் குடுடா. இங்கிலீசுல எழுது, எடுப்பா இருக்கும்" என்று உள்ளே போய்விட்டாள்.

நான் யோசித்தேன். அண்டா தாத்தா வாங்கியது. எல்லோருக்கும் அதில்தான் வெந்நீர். ஒருவருடைய பொருளென்றால் எஸ் எழுத்துக்கு முன்னால் ஒரு கொக்கி, பலருடையதென்றால் பின்னால் என்று வாத்தியார் அந்த வாரந்தான் பிரம்போடு சொல்லிக்கொடுத்திருந்தார். முனியன் என்று எழுதி, எஸ் போட்டு, பின்னால் கொக்கி போட்டுக் கொடுத்தேன்.

"இது எழுத்தா தம்பி, பிசிறா?"

"அதுதாங்க முக்கியம். விட்டுறாதீங்க."

ஆடி போய் ஆவணியில், பாகம் பிரிக்க ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அண்டாவின் முறை வந்ததும் அம்மா, "அதுல எங்க பேரே வெட்டியிருக்குதுங்க" என்றாள். பெரியம்மாவின் முகம் சுண்டிவிட்டது. அங்கே இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. நிமிர்ந்து நின்று, "ரெண்டு முனியன்களுக்கும் சொந்தம்" என்று வாசித்தேன். கொக்கியைத் தொட்டும் காட்டினேன்.

"படிச்ச புள்ள பொய் சொல்லுமா?" என்றாள் பெரியம்மா.

அம்மா என் தொடையைத் திருகினாள். "உன்னப் படிக்க வெச்சதுக்கு ஒரு எருமைய வாங்கிக் கட்டியிருந்தா பாலாச்சும் கறந்திருக்கும்!"

அண்டாவை இரண்டாக வெட்டவா முடியும்? கிணற்றடியில் பொதுவாக வைத்தார்கள். அடுப்பு இரண்டான பிறகு அம்மாவும் பெரியம்மாவும் பேசிக்கொண்டது அங்கேதான். அதுவும், "நவுரு, நான் மொள்ளணும்" என்ற அளவுக்கு.

சரியாக எழுதியதற்கா இந்தத் திட்டு என்று வெகுநாள் பொருமினேன். வாத்தியாரிடமே போய்க் கேட்டேன். கொக்கி சரியான இடத்தில்தான் இருக்கிறது என்றார். அத்தனை வருஷம் பெயரில்லாமல் கிடந்த அண்டாவுக்கு, பெரியம்மா சந்தைக்குப் போன அன்று பார்த்து ஏன் பெயர் வேண்டியிருந்தது என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.