டீச்சர் கையில் எந்நேரமும் போன்

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு நான் பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே என் வகுப்புப் பிள்ளைகள் போட்ட கூச்சல் ரோடு வரை கேட்டது.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மலையடிவாரப் பக்கம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியர் கந்தசாமி சாருக்கு ஒன்று முதல் மூன்று. எனக்கு நான்கும் ஐந்தும். கீழே சிக்னல் வராது. பத்து மணிக்குள் வருகைப்பதிவு ஆப்பில் ஏறியாக வேண்டும். பிறகு சாப்பிட்டவர் எண்ணிக்கை, கழிவறை போட்டோ. அன்றைக்குக் கூடுதலாக, எல்லாப் பிள்ளைகளின் செருப்பு அளவு. போன மாதம்தான் அதே அளவை ஏற்றியிருந்தேன். அது அழிந்துவிட்டதாம்.

இறங்கி வந்தால் வகுப்பு வாசலில் மரகதம் நின்றிருந்தார். ஐந்தாவது படிக்கும் ஹரிணியின் அம்மா. மோட்டார் கம்பெனியில் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை.

"ஏனுங்க டீச்சர், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"டீச்சர் எந்நேரமும் போனையே பாத்துட்டு இருக்காங்கன்னு எம்பொண்ணு சொல்றாளுங்க. நெசமுங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. போனை அவர் கையில் திணித்தேன். "நீங்களே பாருங்க. நான் என்ன சினிமாவா பாக்கறேன்?"

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மரகதம் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. அவளுக்கு வகுத்தல் வர மாட்டேங்குது. நான் எட்டாவதோட நின்னுபோட்டேன். ஊட்டுல சொல்லித்தர ஆளில்லீங்க. அதான் அர நாள் லீவு போட்டு வந்தேன்."

அவர் போனதும் ஹரிணியைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு எழுபத்தைந்தை மூன்றால் வகுக்கச் சொன்னேன். ஏழுக்குக் கீழே ஆறு போட்டாள். அப்புறம் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஐந்தாம் வகுப்பில் ஒன்பது பேருக்கு அதற்கு மேல் தெரியவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை போனைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இனி பதினொரு மணிக்குத்தான் எடுப்பேன் என்றதும் கந்தசாமி சார் பதறினார்.

"ஏனுங்க டீச்சர், ரிட்டயர் ஆக எனக்கு ஒண்ணரை வருசந்தானுங்க இருக்குது. என்னையும் சேத்து மாட்டி உட்டுப்போடாதீங்க."

மாட்டித்தான் விட்டேன். இரண்டாவது வாரம் இருவருக்கும் மெமோ வந்தது. ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரி எங்கள் பள்ளியின் பெயரை மைக்கில் வாசித்தார்.

"எல்லா டீச்சரும் டைமுக்குப் போடறாங்க. உங்களுக்கு மட்டும் என்னம்மா கஷ்டம்?"

எழுந்து நின்றேன். "போடறாங்க சார். பாடம் எப்ப நடத்தறாங்கன்னும் ஒருதரம் கேளுங்க சார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி அடுத்த பள்ளியின் பெயருக்குப் போய்விட்டார். வெளியே வந்ததும் நாலு டீச்சர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாக் கேட்டீங்க" என்றார்கள். உள்ளே ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கந்தசாமி சார் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அவர் மேல் தப்பில்லை. அவருக்கு வந்த மெமோ என்னால் வந்தது.

ஆப் மாறவில்லை. விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், அது கோப்பில் கிடக்கிறது. ஆனால் ஒரு மாதத்தில் அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் மீதி வரும் கணக்கு வரை போட்டார்கள். ஹரிணி விடையைப் பெருக்கிச் சரிபார்த்துக் காட்டிய அன்று, தினமும் சாயங்கால பஸ்ஸில் வரும் தலைவலி எனக்கு வரவில்லை. மற்ற இரண்டு பேரை வகுத்தல் வராமலே ஆறாவதுக்கு அனுப்பினேன். அது இன்னும் உறுத்துகிறது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காலையில் பதினொரு மணி வரையிலான நேரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். மெமோ வரும், வரட்டும். அதற்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதிவிடலாம். அரை நாள் லீவு போட்டு வந்து நிற்கும் தாய்க்கு எழுதிக் கொடுக்க நம்மிடம் எந்தப் பதிலும் இல்லை.