எஞ்சினுக்கு இடம் வைக்காத கார்டு

மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். டியூட்டி உடையோடு என் கணவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "ஆரோக்கியசாமி அண்ணன் போயிட்டாரு. சாயந்தரம் ஆவூர்ல அடக்கம்" என்றார். கூட்ஸ் ரயிலின் கடைசிப் பெட்டியில் போகும் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரியும். ஆனாலும் அவ்வளவு சத்தமாகப் பேசுகிற மனிதர் சாவார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அதனால் அவரைப் புனிதராக்கப் போவதில்லை. அண்ணன் பெருமை பேசுவார். சாப்பிடக் கூப்பிட்டால் குழம்பில் குறை சொல்லிவிட்டு, அதையே இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொள்வார். ஆனால் எங்கள் வீடு வீடாக இருப்பதற்கு அவர்தான் காரணம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில், புதுக்கோட்டை ரயில்வே யார்டில் வேகன்களைக் கோக்கும்போது என் கணவரின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. காயம் ஆறியது, பயம் ஆறவில்லை. கொக்கி மாட்டுகிற வேலை இனி வேண்டாம், கொடி காட்டி வண்டிகளைப் பிரித்து அடுக்கும் ஷண்டிங் வேலையைப் பாருங்கள் என்று மேலதிகாரிகள் சொன்னார்கள். இவர் யார்டுப் பக்கமே போகமாட்டேன் என்றார். எஞ்சின் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்துகொண்டு எஞ்சின் சத்தத்துக்குத் தப்ப முடியுமா? என்னிடம் பேசுவதும் நின்றுபோனது. வேலை போய்விடும் என்பதைவிட, ஆளே போய்விடுவாரோ என்றுதான் பயந்தேன்.

அண்ணன் வந்து பார்த்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "டீச்சரம்மா, ஒங்க பள்ளிக்கூடத்துல ஒடஞ்ச கரும்பலகை கெடக்கா?" என்று கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். குடைக்கம்பிகளை அதில் பதித்துத் தண்டவாளம் ஆக்கினார். அடியில் பள்ளம் செதுக்கிய மரக்கட்டைகள்தான் வேகன்கள். கடலை, உப்பு, முந்திரி என்று அவற்றில் என்னை எழுதச் சொன்னார். ஒரு நேர்ப்பாதை, அதிலிருந்து பிரியும் இரண்டு கிளைகள், வண்டிகளை முன்னும் பின்னும் இழுத்து வரிசை மாற்றுவதற்கு ஓரத்தில் ஒரு துண்டு லைன். கட்டிலின் குறுக்கே வைக்கிற அளவுக்குள் மொத்த யார்டையும் அடக்கிவிட்டார்.

"பாரு தம்பி, திருச்சியிலகூட இப்புடி ஒரு யார்டு கெடையாது" என்று சொல்லி, மூன்று வேகன்களையும் எஞ்சின் கட்டையோடு கோத்துத் துண்டு லைனுக்குள் இழுத்தார். எஞ்சின் விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி விழுந்தது. லைனை மூன்று வேகன்களுக்குச் சரியாக அளந்தவர், எஞ்சினை மறந்துவிட்டார். காலமெல்லாம் கடைசிப் பெட்டியில் போகிறவருக்கு முன்னால் எஞ்சின் இருப்பது எப்படி ஞாபகம் வரும்!

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, எஞ்சின எங்கிட்டு நிறுத்துவீங்க? எங்க அடுப்படியிலயா?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் கேட்ட குரல். அண்ணனுக்கோ முகம் சுண்டிப்போயிற்று. "பேச வந்துட்டாரு! நீதான் பெரிய ஷண்டிங் ஆளாச்சே, செஞ்சு காட்டு" என்று கத்தினார். இவர் எழுந்து உட்கார்ந்தார். "ரெண்டு ரெண்டாத்தான் இழுக்கணும். மூணாவத அங்கிட்டு விட்டுட்டு வரணும்" என்று, மிஞ்சிய விரல்களால் கட்டைகளை நகர்த்தினார். விளக்கேற்றும் வரை இருவரும் சண்டை போட்டார்கள். நான் அடுப்படியில் நின்றுகொண்டு அழுவதும் சிரிப்பதுமாக இருந்தேன்.

துண்டு லைனை நீட்டவே இல்லை. அண்ணன் வண்டியில் போய்த் திரும்பும்போதெல்லாம் வீட்டுக்கு வந்து, வேகன்களுக்குப் புதிதாக ஒரு வரிசை சொல்லி இவரை வம்புக்கு இழுப்பார். ஒரு நாள் கட்டைகளை வைத்துச் சண்டை தீராமல், "வாங்க, யார்டுலயே காட்டுறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு இவரே முன்னால் நடந்தார். அப்புறம் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை.

"தம்பி வாயத் தொறக்கணும்னுதான் வேணும்னே எஞ்சினுக்கு எடம் விடல" என்று பிற்காலத்தில் அண்ணன் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தார். நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளுங்கள். நான் பக்கத்தில் நின்று அந்த முகத்தைப் பார்த்தவள். அவர் நிஜமாகவே மறந்துதான் போனார். யோசித்து யோசித்து ஆறுதல் சொன்னவர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள், அண்ணே. எங்களைக் காப்பாற்றியது உங்கள் மறதிதான்.

அந்தப் பலகையைக் கறையான் தின்றுவிட்டது. அவருடைய பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. அடக்கம் முடிந்து வந்த மறுநாள் காலை, என் கணவர் வழக்கம்போல டியூட்டிக்குக் கிளம்பினார். படியிறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "வாரேன்" என்றார். தினமும் கேட்கிற அந்த ஒரு சொல்தான் அண்ணன் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது.