எட்டுக் குழாய்களும் என் இருக்கையும்

வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் ஒன்று எங்கள் கடலுக்கு வந்தபோது, அதன் ஆழ்கடல் நீர்மூழ்கியில் கண்டியிலுள்ள எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. மூன்று பேர் முழங்கால் இடிக்க உட்காரும் உலோக உருண்டை அது. பைலட் ஒருவர், ஆய்வாளர்கள் இருவர். இறங்குவோர் பட்டியலில் என் பெயர் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பாடசாலைப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். "என் பிள்ளை கடலுக்கு அடியில போறா" என்று அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

கடலடிச் சேற்றை பைலட் இயந்திரக் கையால் குழாய்களில் குத்தி எடுப்பார். எந்தக் குழாய் எங்கே இறங்கியது என்று குறிப்பது அவர் வேலையல்ல. சேறு கலங்கினால் கமெராவும் காட்டாது. குழாய் இறங்கிய கணமே அதன் எண், நேரம், ஆழம், திசை நான்கையும் ஆய்வாளர் ரெக்கோர்டரில் உரக்கச் சொல்ல வேண்டும். எடுத்த இடம் தெரியாத சேறு ஆய்வுக்கு உதவாது. ஒரு மாதம் மேசைக்கு அடியில் குந்தியிருந்து, மகாவலி ஆற்றுச் சேற்று வாளிகளை வைத்துப் பழகினேன். மடவளையிலிருந்து வரும் சக ஆய்வாளர் பர்சானா கடிகாரத்தோடு நிற்பார். "இன்னும் சத்தமாச் சொல்லுங்க, மீனுக்கும் கேக்கணும்" என்பார்.

துறைமுகத்துக்குப் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் ஆய்வுத் துறையின் தலைவர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். தான் இறங்கப் போவதாகச் சொன்னார்.

"பட்டியல்ல என் பேருதானே சேர் இருக்கு?"

"பேரை மாத்த ஒரு நிமிஷம் போதும். நீ கப்பல்ல இருந்து லேபல் ஒட்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு இதுவே பெரிய விஷயம்."

பல்லைக் கடித்துக்கொண்டு, ரெக்கோர்டரில் சொல்வதை ஒருமுறையாவது பழகிப் பார்க்கும்படி கேட்டேன். சேறெடுக்கவும் ஒத்திகையா என்று சிரித்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அவர் எட்டுக் குழாய்ச் சேற்றோடும் கைபேசி நிறையப் படங்களோடும் மேலே வந்தார். கண்டிக்குத் திரும்பி, லேபல்களில் இடத்தை எழுத ரெக்கோர்டரைக் கேட்டேன். ஒளிரும் மீன்களை வியக்கும் அவர் குரல்தான் இருந்தது. ஓர் எண்கூட இல்லை. கூட இறங்கிய வெளிநாட்டு ஆய்வாளர் எதிர்ப்பக்க ஜன்னலில் தன் வேலையில் இருந்தவர்.

"குத்துமதிப்பா இடத்தைப் போடு," என்றார் தலைவர். "யாரு போய்ப் பாக்கப் போறாங்க?"

"நான் போயிருந்தா பாத்திருப்பேன், சேர்."

எட்டு லேபல்களிலும் 'எடுத்த இடம் தெரியாது' என்று எழுதி, கையெழுத்திட்டு ஒட்டினேன். அடுத்த பயணத்தின் பட்டியலில் என் பெயர் வரவில்லை.

இந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை. அதில் பாதி என்மேல்தான். புதிதாக வேலைக்கு வரும் தங்கைகளே, உங்கள் பெயரை வெட்டினால் அந்த அறையிலேயே சண்டை போடுங்கள். நான் அன்று மரியாதை காத்தேன். கடலுக்கு அடியிலிருந்து வந்த அந்த எட்டுக் குழாயிலும் இப்போது இருப்பது வெறும் சேறு.