வளையல் தவளை

என் அக்காவுக்குக் காடு என்றால் கொள்ளை ஆசை. ஆனால் காட்டுக்குள் பத்தடி நடக்கமாட்டாள். ஒரு புழுவைப் பார்த்தாலே ஊரைக் கூட்டிவிடுவாள். வனத்துறை அலுவலகத்தின் மாடி அறையில் உட்கார்ந்தபடியே இருபத்திரண்டு வருஷமாகக் காட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மரங்களில் கட்டிவைத்த பெட்டிகள் பதிவுசெய்து தருவதை ஹெட்போனில் கேட்டு, எந்த நிமிஷத்தில் எந்த உயிர் குரல் கொடுத்தது என்று தாளில் குறிப்பதுதான் வேலை. அவள் கேட்கும்போது மின்விசிறி ஓடக்கூடாது. வேர்த்து ஊற்றினாலும் அசையமாட்டாள். ஆபீஸில் அவளுக்குக் 'காதம்மா' என்றே பெயர்.

இருவாச்சி பறந்தால் ஈரச் சேலையை உதறுகிற சத்தம் வருமாம். ஆனால் அவளுடைய செல்லம் ஓடைக்கரையில் வாழ்கிற, கட்டைவிரல் நகமளவுத் தவளைதான். இரண்டு கண்ணாடி வளையல் லேசாக இடித்துக்கொண்டால் வருமே, அப்படி ஒரு குரல். 'வளையல் தவளை' என்று பேர் வைத்தவளே அவள்தான். சாப்பிடும்போதும் அந்தப் புராணம்தான். போதும் தாயே என்று எத்தனை நாள் கும்பிட்டிருக்கிறேன்!

அந்தத் தவளைக்கு நேராக மூன்று மாதமாய் 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. தவளையே இல்லாத ஓடைக்குக் காவல் எதற்கு என்று மேலிடத்தில் கேட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அதிகாரி கையெழுத்துப் போட்டால் ஓடை வழியாகச் சாலை வந்துவிடும்.

வியாழக்கிழமை வீட்டுச் சாவியை மறந்துவிட்டுப் போனாள். திட்டிக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"வந்ததுதான் வந்தே, இருவாச்சியைக் கேட்டுட்டுப் போ" என்று ஹெட்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தாள். மறுபக்கம் அவள் காதில்.

"இருவாச்சி இருக்கட்டும்க்கா, இந்த டிங் டிங் என்ன?"

"எந்த டிங்?"

"விளையாடாதே. இதோ... இதோ மறுபடியும்." ஒவ்வொரு தடவையும் மேஜையில் விரலால் தட்டிக் காட்டினேன்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. கம்ப்யூட்டர் திரையின் மேல்பாதியில் பழைய காலண்டர் தாள் ஒன்றை ஒட்டிவைத்திருந்தாள். பதிவான சத்தமெல்லாம் திரையில் கோடாக விழும்; சன்னமான சத்தம் என்றால் அந்த மேல்பாதியில். அதைப் பார்த்து எழுதுவது பரீட்சையில் காப்பியடிப்பதற்குச் சமம் என்பது அவள் கட்சி. அப்படியொரு ரோஷக்காரி. இப்போது அந்தத் தாளைப் பிய்த்தாள். நான் தட்டிய இடத்திலெல்லாம் பொடிக் கோடு.

"மூணு மாசமா கத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கு" என்றாள்.

அவளுக்கு இருந்த ஒரே பெருமை அந்தக் காதுதான். "யார்கிட்டயும் மூச்சு விடாதே. திடீர்னு கேட்டுச்சுன்னு எழுதிடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"அப்போ மத்த சின்னக் குரலெல்லாம்? இன்னும் எதையெதை இல்லைன்னு எழுதித் தொலைச்சேனோ!"

விறுவிறுவென்று அதிகாரி அறைக்குள் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க. தவளை இருக்கு. எனக்குத்தான் காது இல்லை."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பிறகு, "மூணு மாசத்துத் தாளையும் திருப்பி எழுதணுமேம்மா" என்று மட்டும் சொன்னார். காதம்மா என்று கூப்பிடவில்லை.

திருப்பி எழுதினோம். அதிகாரியின் அனுமதியோடு தினமும் மத்தியானம் நான் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டுவேன். அக்கா திரையில் கோட்டைச் சரிபார்த்துக் குறிப்பாள். முதல் நாள் கொஞ்ச நேரத்திலேயே கையை நிறுத்தி, "எப்படிடி இருக்கு?" என்று கேட்டாள்.

அவள் சொன்ன அதே வளையல் சத்தம்தான். "நல்லா இருக்குக்கா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, 'இல்லை'யை அடித்து 'உண்டு' என்று எழுதினாள்.