ஆளு எப்படி?

அம்மா பக்கவாதத்தில் படுக்கையில் விழுந்த பிறகு, ஒன்பது மாதத்தில் ஏழு பேர் எங்கள் தச்சநல்லூர் வீட்டுக்கு வேலைக்கு வந்து போனார்கள். ஒருத்தி மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனவள். இன்னும் கடையில்தான் இருக்கிறாள் போல. இன்னொருத்திக்கு வாரம் ஒரு சாவு. சொந்தக்காரர்கள் தீர்ந்ததும் தானே நின்றுகொண்டாள். ஏஜென்சியிலிருந்து வந்த பெண், புரட்டிப் படுக்க வைப்பது நர்ஸ் வேலை, நான் மாட்டேன் என்றாள். நான் டவுணில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எட்டேகால் பஸ்ஸை விட்டால் பிரேயருக்குள் போய்ச்சேர முடியாது. ஆள் வராத நாளில் அம்மாவைச் சுற்றித் தலையணைகளை அடுக்கி, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடுவேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா தரையில் விழுந்து கிடப்பது கண்ணில் வந்து நிற்கும்.

எட்டாவதாக வந்தவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வருவாள். கேரளாவுக்கு வேலைக்குப் போன புருஷன் திரும்பவில்லை. கூட இருப்பது பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. முதல் நாளே அம்மாவைத் தொடுமுன் குனிந்து, "பெரியம்மா, பைய திரும்புதியளா?" என்று கேட்டாள். சேர்த்துப் பார்த்த மூன்று ஆஸ்பத்திரியிலும் யாரும் அம்மாவிடம் எதையும் கேட்டதில்லை. பேச்சு போன அம்மா, நல்ல கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஏழரை என்றால் ஏழரைக்கு கேட்டின் இரும்புக் கொண்டியைத் தூக்கும் சத்தம் கேட்கும். அதை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தலாம்.

ஒரே ஒரு நாள் பிந்தினாள். மார்கழியில் ஆற்றில் வெள்ளம் வந்து, பஸ்ஸெல்லாம் நின்று, பள்ளிக்கூடத்துக்கும் லீவு விட்டிருந்த நாள். பதினொரு மணிக்கு இடுப்புவரை நனைந்து வந்து நின்றாள். இன்றைக்கு ஏன் வந்தாய் என்று திட்டினேன். "ஒத்தையில பெரியம்மாவப் பொரட்ட ஒங்களால முடியாதுல்லா" என்றாள். துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தேன். அவ்வளவுதான் நான் கொடுத்தது.

அடுத்த வருஷம் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை காலி என்று கேள்விப்பட்டு வந்தாள். நிரந்தர வேலை, பி.எஃப். உண்டு, லீவு உண்டு, ஓய்வு பெறும்வரை யாரும் போ என்று சொல்ல முடியாது. "நாப்பதுக்கு மேல எடுக்கமாட்டாவளாம் டீச்சர். எனக்கு இந்த வருசந்தான்" என்றாள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான். முன்னால் வேலை பார்த்த வீட்டு விலாசத்தை எழுதிவிட்டு, இப்போது எங்கே வேலை, யாரிடம் விசாரிக்கலாம் என்ற இடத்தில் என் பெயரையும் போன் நம்பரையும் என் கையாலேயே எழுதினேன். கிடைத்தால் சந்தோஷம் என்றேன்.

வேலையில்லாமல் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பி.எட். முடித்து ஆறு வருஷம் சர்டிபிகேட் பையோடு அலைந்தவள் நான். அம்பாசமுத்திரம் வரைக்கும் நேர்காணலுக்குப் போய், கேட்டைத் தாண்டாமல் திரும்பியிருக்கிறேன். கல்யாண வீடுகளில் "இன்னும் சும்மாதான் இருக்கியா?" என்று கேட்பார்களே என்று பந்திக்கே போகாமல் இருந்திருக்கிறேன். கடைசியில் எங்கள் சபை ஐயர் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்) பள்ளிக்கூடத்துத் தாளாளரிடம், "நம்பலாம், நேரம் தவறாத பிள்ளை" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையில்தான் இன்றுவரை சோறு தின்கிறேன்.

அவள் விண்ணப்பம் போன சில நாளில், பள்ளிக்கூட இடைவேளையில் எனக்குப் போன் வந்தது. பேசியவர் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்து கிளார்க், தன்மையான மனுஷன். அவள் பெயரைச் சொல்லி, "ஒங்க வீட்டுலதான் வேல பாக்காவளாம். ஆளு எப்படி டீச்சர்?" என்று கேட்டார்.

அந்த ஒரு நொடியில் அடுக்கிவைத்த தலையணைகள் கண்முன் வந்தன. ஏழு பேரும் வரிசையாக வந்தார்கள்.

"நல்ல பொம்பளதான் சார்" என்றேன். "என்ன, சொன்ன நேரத்துக்குத்தான் வர மாட்டா."

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். பொய் இல்லை, வெள்ளத்தன்று பிந்தித்தானே வந்தாள் என்று மனசு உடனே வக்கீல் வைத்துக்கொண்டது. மறுநாள் கூப்பிட்டு மாற்றிச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். நம்பர் போனிலேயே இருந்தது. அந்த வாரம் முழுக்க இருந்தது.

வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. பாவம் பார்த்து அந்த கிளார்க் இவளிடம் காரணத்தையும் சொல்லியிருக்கிறார். யார் சொன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "டீச்சர், நான் பிந்தி வந்து நீங்க செரமப்பட்டிருக்கியளா? கொற இருந்தா மொகத்துக்கு நேர சொல்லுங்க. மாத்திக்கிடுதேன்."

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். முன்னால் வேலை பார்த்த வீட்டம்மாதான் சொல்லியிருக்க வேண்டும் என்று அவளாகவே முடிவு கட்டினாள். பேசாமல் இருந்தேன். இனிமேல் அந்த அம்மாவைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். தண்ணீர் டம்ளரை எடுத்து நீட்டினேன். அம்மா கஞ்சியை விழுங்காமல் வாயில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அதன்பின் நான் அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்ததில்லை.

மறுநாள் கொண்டி சத்தம் ஏழு மணிக்கே கேட்டது. அடுத்த வாரம் ஆறரைக்கு. பிறகு முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறு மணிக்கே வர ஆரம்பித்தாள். நான் எழுந்து கதவைத் திறக்கும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். இவ்வளவு வெள்ளென வர வேண்டாம், மகளைப் பார் என்று எவ்வளவோ சொன்னேன். இருக்கட்டும் டீச்சர் என்பாள். ஊரில் ஆள் கிடைக்காமல் எல்லோரும் திண்டாடும்போது என் வீட்டு வாசலில் ஆள் காத்துக்கிடந்தது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் பயந்து கிடப்பேன்.

ஐப்பசியில் அம்மா போய்விட்டாள். குளிப்பாட்டிச் சேலை கட்டிவிட்டதும் அவள்தான். அதற்குள் நாற்பதைத் தாண்டிவிட்டாள். தெரிந்த வீடுகளுக்கெல்லாம் நானாகவே போன் செய்தேன். இவளைப் போல நேரம் தவறாத ஆள் உலகத்தில் இல்லை என்று, கேட்காதவர்களிடமும் சொன்னேன். அங்கே ஆறு மாதம், இங்கே நாலு மாதம் என்று ஓடுகிறது அவள் பிழைப்பு. ஒரு வீட்டில் பெரியவர் இறந்தால் வேலையும் போய்விடும்.

எனக்கு இன்னும் ஆறு மணிக்குக் கொண்டி சத்தம் கேட்கிறது. முதலில் எழுந்துபோய்ப் பார்ப்பேன். வாசற்படி காலியாக இருக்கும். இப்போது போய்ப் பார்ப்பதில்லை. கேட்டை மாற்றி வேறு தாழ்ப்பாள் போட்டும் பார்த்துவிட்டேன். சத்தம் அதே கொண்டிச் சத்தம்தான்.

போன மாதம் கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்காக விடியற்காலையில் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. எதிரே, பூட்டிய கடை ஒன்றின் கூரைக்குக் கீழே, டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தபடி எழுந்தாள். பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு வீடு, படுத்த படுக்கையாக ஒரு தாத்தா என்றாள். எத்தனை மணிக்கு வேலை என்று கேட்டேன்.

"எட்டு மணிக்குத்தான் கதவத் தெறப்பாவ டீச்சர்" என்றாள். "பிந்தி வாரேன்னு யாரும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதுல்லா."

மணி ஆறு. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என் பஸ் வந்தது. அவளே என் பையை வாங்கி ஏற்றிவிட்டு, ஜன்னலோர சீட்டில் துண்டைப் போட்டு எனக்கு இடமும் பிடித்துக் கொடுத்தாள்.