ஓடாதே என்றார்கள், ஓடவில்லை

இரண்டாயிரத்து ஒன்பதில் என் உடம்பிலேயே முக்கியமான உறுப்பு குதிகால்தான். மூளையைச் சொல்லலாம் என்றால், அதை நான் அப்போது அவ்வளவாகப் பயன்படுத்தவில்லை. காவலர் தேர்வில் எழுத்துப் பரீட்சையை எப்படியோ தாண்டிவிட்டேன். மூன்று மாதத்தில் கடலூர் மைதானத்தில் ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓட வேண்டும், ஏழு நிமிடத்துக்குள். வயது வரம்பு எனக்கு அந்த வருஷத்தோடு தீர்கிறது. அதில் கோட்டை விட்டால் போலீஸ் வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

எங்கள் குப்பம் கடலூருக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிறது. காலையில் வெறுங்காலோடு மணலில் ஓடுவேன். தார் ரோட்டில் ஓடினால் கால் கெட்டுவிடும், மணல்தான் மெத்தென்று தாங்கும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. மூன்றாவது வாரம் வலது குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கம் வலி பிடித்தது. பாயிலிருந்து எழுந்து காலை ஊன்றினால் உயிர் போகும். பத்தடி நடந்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி போய்விடும். நானும் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடிக்கொண்டிருந்தேன்.

நான் நொண்டுவது தெரிந்ததும் வீட்டில் ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிட்டார்கள். அம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி, வலிக்கிற இடத்தையே தேடித் தேடித் தேய்த்தாள். விசைப்படகில் டிரைவராக இருந்த அக்கா வீட்டுக்காரர், "ஒடம்புல சூடு ஜாஸ்தி மச்சான், வெந்தயத்த ஊற வெச்சிக் குடி" என்றார். குதிகாலுக்கும் வெந்தயத்துக்கும் என்ன மாமா சம்பந்தம் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று குடித்தேன். வயிறு நன்றாக இருந்தது. கால் அப்படியேதான் இருந்தது.

கடைசியில் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். பிசியோதெரபி பார்த்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். குதிகாலுக்கு மேலே இரண்டு விரலால் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த ஒருவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம்.

"கெண்டைக்கால் சதைய எலும்போட கட்டுற கயிறு இது, தசைநாண். அளவுக்கு மேல இழுபட்டு ரணமாயிருக்கு. மணல்ல கால் பொதையும்போது குதிகால் இன்னும் கீழ எறங்கும், இது இன்னும் இழுபடும். ரெண்டு வாரத்துக்கு ஓடாதீங்க. அழுத்தித் தேய்க்காதீங்க. ஐஸ் வைங்க. படிக்கட்டு விளிம்புல முன்னங்கால ஊனி, குதிகால மெதுவா எறக்கி ஏத்துங்க. சும்மாவே படுத்திருந்தா அது பலம் ஆகாது" என்றார்.

"வீக்கமே இல்லையே மேடம்?"

"வீட்ல யார் கால்லயாவது தொட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்."

சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டின் வாசற்படியில் நின்று சொன்னதைச் சொன்னபடி செய்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம், "என்னாடா, படி எறங்குதான்னு சோதன பண்றியா?" என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஓடவில்லை. சத்தியமாக ஓடவில்லை. இரண்டு வாரத்தில் வலி இரண்டு மடங்கானது.

எனக்கு வந்ததே கோபம்! நேராகப் போய் அந்த மேடத்தின் முன்னால் காலை நீட்டினேன்.

"ஓடுனீங்களா?"

"எங்கம்மா மேல சத்தியம், ஓடல."

"வீக்கம் ஜாஸ்தியாயிருக்கே?"

"இது வீக்கமே இல்ல மேடம். எங்கப்பா காலத் தொட்டுப் பாத்துட்டேன். அவருக்கு என்னவிடத் தடிப்பு. சித்தப்பாவுக்கும் அப்படித்தான்." கோர்ட்டில் கேஸ் ஜெயித்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்பா என்ன வேலை செய்றாரு?"

"கரைவலை."

"நீங்களும் போவீங்களா?"

"தெனமும்."

மேடத்துக்குக் கரைவலை பழக்கமில்லை. படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்ட வலையை, கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து, பின்னாலேயே நடந்து இழுக்க வேண்டும் என்று விளக்கினேன். கயிறு கரைக்கு வந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எங்கள் பக்கம் பெரிய கேவலம் என்பதையும் சொன்னேன். உடனே ஒரு துண்டின் முனையை என்னிடம் நீட்டி, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, "இழுங்க, பாக்கலாம்" என்றார். குதிகாலைத் தரையில் குத்தி, பின்னால் சாய்ந்து இழுத்தேன். இழுத்த வேகத்தில், "ஐயோ அம்மா" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இத எவ்ளோ நேரம் செய்வீங்க?"

"ரெண்டு மணி நேரம் ஆவும்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "இத ஏங்க சொல்லல?"

"நீங்க ஓடாதன்னுதான சொன்னீங்க? இது வேல மேடம், எக்சர்சைஸ் இல்லையே!"

சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார்: "அப்பாவுக்கு எத்தன வருஷமா வலிக்குது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அப்பாவின் காலைப் பிடித்துத் தடிப்பை அளந்தேனே ஒழிய, வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். "எனக்கென்னடா வலி? காலைல எழுந்தா கொஞ்சம் பிடிச்சாப்ல இருக்கும். அது எல்லாருக்குந்தான் இருக்கு" என்றார் அப்பா. பிறகு, "நாளைலேர்ந்து நீ கயித்துல கை வெக்காத. உன் எடத்துல நான் நிக்கறேன்" என்றார். கயிற்றில் முன்னால் நிற்பவனுக்குத்தான் பாரம் அதிகம். அது என் இடம். என்ன சொல்லியும் மனிதர் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து குப்பமே வலை இழுக்க, நான் மட்டும் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். "கலெக்டர் வூட்டுப் புள்ள, கால்ல மண்ணு படக் கூடாது" என்று சித்தி கேலி செய்தாள். ரோஷத்தில் கயிற்றைப் பிடித்துவிடலாம் போல இருக்கும். பல்லைக் கடித்துக்கொள்வேன். மூன்றாவது வாரம் காலையில் ஊன்றும்போது வலி பாதியாகியிருந்தது. ஷூ போட்டுத் தார் ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடச் சொன்னார் மேடம்.

ஓட்டத்தன்று கடைசிச் சுற்றில் நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. காலைப் பற்றி நினைக்கவே நேரமில்லை. ஏழு நிமிடத்துக்குச் சில நொடிகள் மிச்சம் இருக்கும்போது கோட்டைத் தாண்டினேன். மைதானத்துக்கு வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார்.

"பாஸ்ப்பா!"

"கால் வலிச்சுதாடா?"

"இல்லப்பா. கொஞ்சங்கூட வலிக்கல." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டேன். "உனக்குப்பா?"

வழக்கம்போல, எனக்கென்னடா வலி என்பார் என்று நினைத்தேன்.

"வலிக்குதுடா," என்றார். "நீ பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்தே வலிக்குது."