உப்பு பார்த்த காளான் குழம்பு

எனக்கு வயது அறுபத்தெட்டு. ஐந்து பேரை வளர்த்தேன். பெற்றது நாலு, மற்றவர் என் தம்பி. வரிசைப்படி அவர்தான் எனக்கு முதல் பிள்ளை. அவரைப் பெற்ற கையோடு எங்கள் அம்மா போய்விட்டார். நான்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன். வாடா போடா என்று கூப்பிட்டவரை "அவர்" என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் அவர் நினைவு மலரில் மரியாதை குறையக் கூடாது.

தம்பி வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்தார். ஏர் ஓட்டினார், கல் உடைத்தார். எங்கள் பக்கம் கம்பெனிகள் வந்தபோது ஒன்றில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் பிள்ளைகளுக்கு மாமா என்றால் உயிர்.

இடி இடித்து மழை பெய்தால், விடிந்ததும் புற்றுப் பக்கம் போய் வேட்டி மடியில் காளான் கட்டி வருவார். மண் போகக் கழுவி, மிளகு அரைத்துக் குழம்பு வைப்பேன். முதல் சோறு அவருக்கு மட்டும்.

"நான் துன்றேன். பொழுது சாயற வரைக்கும் நல்லா குந்திகினு இருந்தா நீங்க துன்னுங்க" என்பார்.

சட்டியை மூடிவிட்டு அவர் முகத்தையே பார்த்திருப்போம். அவர் இருமினால்கூட எழுந்து கிட்டே போய்ப் பார்ப்பேன்.

"இன்னாக்கா அப்பிடிப் பாக்குற? நான் போனா ஒரு பங்கு மிச்சம்" என்று சிரிப்பார்.

என் கடைசி மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். காளான் குழம்பு வேண்டும் என்றாள். புற்று இருந்த இடத்தில் அப்போது மதில் எழும்பிவிட்டது. தம்பி தம் கம்பெனிப் புல்தரையில் முளைத்திருந்ததைப் பறித்து வந்தார். வெள்ளை வெளேரென்று, கைக்குடை மாதிரி பெரிது.

"இது நம்ப புத்துக் காளான் மாதிரி இல்லியேடா."

"அதான் நான் மொதல்ல துன்றேனே."

எனக்கு முட்டி வலி, அதனால் மகள்தான் சமைத்தாள். மஞ்சள் போட்டுப் பார்த்தாள், கறுக்கவில்லை. நல்ல காளான் என்று நினைத்தோம். தம்பி சாப்பிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் வாந்தி தொடங்கியது, நிற்கவே இல்லை. மகள் ஓடிப்போய்த் தலையைப் பிடித்தாள்.

"பாப்பா, நீ துன்னியா?" என்றார்.

"இல்ல மாமா. உப்புதான் பாத்தேன்."

"எத்தினி தபா?"

"ரெண்டு தபா. மொதல்ல பத்தல."

உப்பு பார்ப்பதை எங்கள் வீட்டில் யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. அத்தனை வருஷமும் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தவள் நான். தம்பிக்கு முன்னால் எப்போதும் சாப்பிட்டவள் நான்தான். அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலிப் பிள்ளைகள் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுந்து வந்து ஆட்டோ பிடித்தார்கள். "அழாதீங்க ஆச்சி, நாங்க இருக்கோம்லா" என்றான் ஒருவன். மிச்சக் காளானையும் பையில் போட்டு எடுத்து வந்தான். டாக்டர் அதைத் திருப்பிக் காட்டினார். குடைக்கு அடியில் பச்சை ஓடியிருந்தது. "மஞ்சள் விஷத்தைக் காட்டாதும்மா" என்றார்.

தம்பிக்குக் குளுக்கோஸ் ஏறியது. கண் திறக்கும்போதெல்லாம், "யக்கா, பாப்பா எப்பிடி கீது?" என்றுதான் கேட்டார். மகளுக்கும் வாந்தி வந்தது. வயிற்றுப் பிள்ளை அசையவில்லை என்று என் காதில் சொன்னாள். வயிற்றில் கையை வைத்தேன், எடுக்கவில்லை. பொழுது சாயும் வரை பார்ப்பது எங்கள் வழக்கம்தான். அன்றைக்குப் போல் பொழுது சாயாமல் நின்றதில்லை. விளக்கு போடும் நேரத்தில் என் உள்ளங்கையில் ஓர் உதை விழுந்தது. தம்பியிடம் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் காளான் பறிக்கப் போகவில்லை. ஆசைப்பட்டால் சுங்குவார்சத்திரத்தில் பாக்கெட் காளான் வாங்கி வருவார். அதற்கும் உப்பு அவர்தான் பார்ப்பார். "கடைக் காளானுக்குமாடா?" என்பேன். "பாத்தா இன்னா கொறஞ்சு போது?" என்பார்.

போன வருஷம் நெஞ்சு வலியில் படுத்தார். கஞ்சி கொண்டுபோனேன். "நீ உப்பு பாத்தியாக்கா?" என்றார். பார்த்தேன் என்ற பிறகுதான் வாயைத் திறந்தார். அதுவே கடைசிக் கஞ்சி.

ஆட்டோ பிடித்த பிள்ளைகளுக்கும், வைத்தியம் பார்த்தவருக்கும், துக்கத்தில் எங்களைத் தனியாக விடாத சொந்தங்களுக்கும் கை கூப்புகிறேன்.

அன்று உதைத்தவள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். இங்க வாடி கண்ணு. ஆயா எழுதுனதை மொதல்லேர்ந்து ஒரு தபா படி. எல்லாருக்கும் குடுக்கறதுக்கு முன்னாடி நீ உப்பு பாரு.